அம்பலம் வீட்டு வாசல் மூடி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்பார்கள் வீட்டில். பாதாளச் சாக்கடை வேலை பார்ப்பவளுக்கு வேறெங்கே இருக்கும்? சிதம்பரத்தில் இந்தப் பகுதிக் குழாய்களுக்கு நான்தான் மேற்பார்வையாளர். பெயர் பிரிசில்லா. கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறேன்.

அன்று காலை தெருமுனை மேன்ஹோல் பொங்கி, கழிவுநீர் மழைநீர் வடிகாலில் இறங்கிக்கொண்டிருந்தது. விட்டால் சாயங்காலத்துக்குள் வாய்க்காலில் கலந்துவிடும். அந்தத் தண்ணீரை நம்பித்தான் கீழே நடவு நட்டிருக்கிறார்கள். அடைப்பு அடுத்த மேன்ஹோலில்தான் இருக்க வேண்டும். ஆனால் அதன் மூடியையே காணோம். போன தடவை சுத்தம் செய்ய வந்தவர்களும் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட்டிங் வண்டியை ஓட்டும் அருள்முருகன் கடப்பாரையால் தரையைத் தட்டிக்கொண்டே போனான். ஒரு வீட்டு வாசலில் சத்தம் மாறியது. அங்கே புதுச் சிமெண்ட். அதன்மேல் வெள்ளைப் பெயிண்டில் கோணல்மாணலாக ஒரு கோலம்.

"முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்சிருக்காங்கக்கா," என்றான்.

அதற்குள் வீட்டுக்காரர் அம்பலம் பிளாஸ்டிக் நாற்காலியோடு ஓடிவந்தார். அதைக் கோலத்தின் மேலேயே போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இத ஒடைக்க வுடமாட்டேன்மா."

"பொது மூடிய சிமெண்ட் போட்டுப் பூசுவீங்க. நாங்க வந்தா மேல ஏறி ஒக்காந்துக்குவீங்களா? ஊருக்கே சாக்கடை ஓடுது, எழுந்திரிங்க," என்று கத்தினேன்.

அவர் சண்டைக்கு வரவில்லை. ஜன்னலைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினார்.

"உள்ள என் சம்சாரம் அன்னபூரணி. பாண்டிச்சேரிக்கு இட்டுக்கினு போயி கீமோ குடுக்குறோம். ஒடம்பு இப்புடி எளைச்சா அடுத்த ஊசி போட மாட்டேன்னுட்டாரு டாக்டரு. இந்த நாத்தம் பட்டா ஒரு வாய் எறங்க மாட்டேங்குதும்மா அவளுக்கு. அதான் பூசுனேன்."

"கோலம் யாரு போட்டா?"

"நான்தான். அவளால குனிய முடியல. வாசல் வெறிச்சுன்னு கெடந்தா மனசு கஷ்டப்படுவா."

"பூசுனப்புறம் நாத்தம் நின்னுச்சா?"

தலையைக் குனிந்துகொண்டார். "இல்ல. பாத்ரூம் வழியா இன்னும் ஜாஸ்தியா வருது."

வராமல் என்ன செய்யும்? பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? மூடி மறைந்ததால் குழாயைச் சுத்தம் செய்ய ஆளில்லை. தேங்கியதெல்லாம் உள்ளேயே அழுகி, நாற்றம் இவர் வீட்டுக்குள்ளேயே ஏறியிருக்கிறது. பாவி மனுஷன், பெண்டாட்டி மேல் வைத்த ஆசையில் செய்த வேலை. அதற்கு மேல் என்னால் கோபப்பட முடியவில்லை. விஷயத்தைப் புரியும்படி சொன்னேன். அவர் எழுந்திருக்கவில்லை.

ஜன்னலிலிருந்து மெல்லிய குரல் வந்தது. "ஏம்மா, ஒடைச்சா நாத்தம் நிக்குமா?"

"மொதல்ல கொஞ்ச நேரம் மோசமா இருக்கும்மா. அப்புறம் நின்னுடும்."

"வாக்குக் குடுக்காதீங்கக்கா," என்று அருள்முருகன் என் காதருகே முணுமுணுத்தான்.

"நின்னுடும்மா," என்றேன் மறுபடியும். உள்ளுக்குள் எனக்குப் பயம்தான்.

"அப்ப என்னைய அந்தாண்ட தூக்கி வைங்க," என்றார் அந்தம்மா.

அம்பலம் எழுந்துவிட்டார். "மாமா, நீங்க இந்தப் பக்கம் புடிங்க," என்றான் அருள்முருகன். நாற்காலியோடு அந்தம்மாவைத் தூக்கிப் போய், நாற்றம் எட்டாத புங்கமரத்தடியில் வைத்தார்கள். பல மாதமாய் வெளியே வராதவரைப் பார்த்து, அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

சிமெண்டை உடைத்து மூடியைத் தூக்கியதும் தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டது. விஷவாயு போகட்டும் என்று தள்ளி நின்றோம். என் ஆட்கள் யாரையும் குழிக்குள் இறங்க விடமாட்டேன். ஜெட்டிங் குழாயை மட்டும் உள்ளே விட்டோம். பழந்துணி, தேங்காய் நார், நாப்கின் எல்லாம் கட்டிக்கட்டியாக வந்தன. திடீரென்று உள்ளே தண்ணீர் இரைந்து ஓடியது. தெருமுனையில் பொங்கிய கழிவுநீரும் அடங்கியது. வாசலைக் கழுவி, புது ரப்பர் வளையம் வைத்து மூடியைப் பொருத்தினோம்.

அந்தம்மாவைத் திரும்பக் கொண்டுவந்து ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள். அவர் மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"கஞ்சி இருக்கா?" என்றார்.

அம்பலம் ஓடிப்போய் ஒரு டம்ளர் கொண்டுவந்தார். பழக்கத்தில் வாந்திக்கு ஒரு பேசினையும் கையில் ஏந்தி நின்றார். அந்தம்மா மெல்ல மெல்லக் குடித்தார். நாங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் திரும்பி வரவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க," என்றார்.

டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போன அம்பலம் வெகுநேரம் வரவில்லை. சமையலறையிலிருந்து விசும்பல் கேட்டது.

"சாப்பாடு கேட்டதுக்கு அழுவுறாரு பாரு இந்த மனுஷன்," என்றார் அன்னபூரணி. அவர் கண்ணும் நிறைந்திருந்தது. "நீ போயி ஊத்திக் கொண்டாம்மா."

நான் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.