போட்டோவுக்கு நட்ட தோட்டம்

வீட்டுக்குப் பின்னால் பழத்தோட்டம் போடுவது என்று குடும்பமே கூடி முடிவெடுத்தது. குடும்பம் என்றால் வேறு யார், ஸ்டூடியோக்காரர்தான். மற்ற மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர் மனைவிக்கு மட்டும் அன்று விடிந்ததிலிருந்து சந்தோஷம் தாங்கவில்லை. கல்யாணமானதிலிருந்து வாடகை வீடுதான். "இந்தத் தெருவுல வியாபாரமே இல்ல" என்று மனுஷன் கடையை மாற்றுவார். பின்னாலேயே சட்டி பானையும் கிளம்பும். அவள் வைத்த செடி எதுவும் பூத்து அவள் பார்த்ததில்லை. இப்போதுதான் சொந்த வீடு. ஒரே ஒரு மரமாவது வேர் பிடிக்கட்டும், நாமும் இங்கேயே இருந்துவிடலாம் என்று அவளுக்கு ஆசை.

கொய்யா, மாதுளை, எலுமிச்சை, சப்போட்டா. மகன் நாலு குழி வெட்டிவிட்டு, மலையையே குடைந்தவன் மாதிரி இடுப்பைப் பிடித்துக்கொண்டான். மகள் புதுச் செருப்போடு வந்து, மண்ணை ஏதோ தொற்றுநோய் போலத் தள்ளி நின்றாள்.

ஸ்டூடியோக்காரர் மண்ணைத் தொடவில்லை. அவர் தொழில் கேமராவாயிற்றே!

"தோளைக் கொஞ்சம் இறக்குடா. ஆங்... செடியை இல்ல, உன் தோளை!"

கிளிக்.

"அடடா, பாப்பா கண்ண மூடிட்டா. வெளிய எடுங்க, மறுபடியும் நடுவோம்."

"நட்டது நட்டபடி இருக்கட்டுமே. பக்கத்துல நிக்கிறோம், எடுங்களேன்" என்றாள் மனைவி.

"மண்ணை மூடினப்புறம் அதுல என்ன இருக்கு? குழியில இறக்குறோம் பாரு, அந்த நிமிஷம்தான் படம்!"

கல்யாண மேடையில் மோதிரம் போட்டு முடித்த மாப்பிள்ளையையே கழற்றி மறுபடி போடச் சொன்னவர் அவர். கொய்யாக் கன்று எம்மாத்திரம்?

பிடுங்கினார்கள், நட்டார்கள். வெயில் மேகத்துக்குள் போய்விட்டது. மறுபடி பிடுங்கினார்கள். அடுத்த தடவை பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த ஜட்டி படத்தில் விழுந்துவிட்டதாம்; தோட்டமே எதிர்ச் சுவர் ஓரமாக இடம் மாறியது. மகன் முணுமுணுத்துக்கொண்டே புதுக் குழி வெட்டினான்.

கொய்யாவைத் தூக்கியபோது வேரோடு இருந்த மண் பொலபொலவென்று உதிர்ந்தது. மனைவி குனிந்து வேரைப் பார்த்தாள்.

"ஏங்க, வேர் அறுந்துபோச்சுங்க!"

"வேரையா போட்டோவுல பார்க்கப்போறாங்க? சிரிம்மா. படம் அம்சமா வந்தாத்தானே வீட்டுக்கு நல்ல வாடகைக்காரன் கிடைப்பான்?"

"என்னது?"

"பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை அமைஞ்சிருக்கு. மேலயே ரெண்டு ரூம். தரகர்கிட்ட சொல்லிட்டேன். தோட்டம் இருக்கற வீடுன்னா மவுசு..."

அவள் சிரிக்கவில்லை. கன்றைக் குழியில் இறக்கி மண்ணைத் தள்ளினாள். அதைச் சுற்றிக் காலை நீட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரிம்மா, படம் கெடுது."

"கெடட்டும். வேர் பிடிக்கிற நேரத்துல பிடுங்கினா எப்படி வலிக்கும்னு சொல்ல இதுக்கு வாய் இல்ல. எனக்கு இருக்கு. ஒவ்வொரு தெருவுலயும் நாலு பேர் முகம் பழகி, இனிமே இதுதான் நம்ம இடம்னு நினைக்கறப்ப வாசல்ல வண்டி வந்து நிக்கும். நானும் சிரிச்சுக்கிட்டே ஏறினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்! இனிமே ஏறமாட்டேன். நீங்க வேணா போங்க."

மகள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அம்மா பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள். மகன் மண்வெட்டியைக் கீழே போட்டான்.

ஸ்டூடியோக்காரர் கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றினார். பிறகு போனை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"தரகரா? அந்தக் கடை வேண்டாங்க. சேச்சே, வீட்ல ஒண்ணும் சொல்லல. எனக்கே இடம் பிடிக்கல. இங்கயே வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போகுது, உங்களுக்குத் தெரியாதா?"

ஒரு வாரமாகக் கடைக்கு ஒரு ஈ, காக்கா வரவில்லை. பொய் சொல்லத் தெரியாத மனுஷன் சொன்ன அந்தப் பொய்யைக் கேட்டு, அவள் மண் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.