கலீபாவின் தபால்காரன்

ஐந்தாம் அறைக் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சாருலதா பக்கத்தில் வந்து நின்றாள். வேலைக்கு வந்து இரண்டாவது நாள். நேற்று மேல்மாடியில் விட்டார்கள், இன்று என்னோடு. நேற்று உடுப்பு மாற்றும் அறையில் ஊர் கேட்டாள், ஊரையும் அங்கே தபால்காரனாக இருந்ததையும் சொன்னேன். நான் சொல்லாமல் விட்டிருக்க வேண்டும்; பிறகுதான் தன் தகப்பன் பேரைச் சொன்னாள். பிராங்பேர்ட்டில் இந்த நூதனசாலையைப் பதினோரு வருசமாகத் துடைக்கிறேன். பெட்டிக்குள் என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை. எழுதி வைத்ததை நம்புகிற ஆள் நானில்லை. இந்த அறையில் பாக்தாத் கலீபாவின் ஆட்சியாம். குர்ஆன் ஏடு ஒன்று, கலீபாவின் பெயர் அடித்த பொற்காசு, கோடு கோடாக ஒரு வரைபடம்.

"அண்ணை, உங்கட ஆக்களைப் பற்றித்தான் போட்டிருக்கு."

"ஆர் என்ரை ஆக்கள்?"

"போஸ்ற்மன்மார். இந்தக் கோடெல்லாம் தபால் பாதை. ஒவ்வொரு ஊர்த் தபால் அதிகாரியும் கலீபாவுக்கு உளவும் எழுத வேணுமாம். நீதவான் நேர்மையோ, பாண் என்ன விலை, வெள்ளிக்கிழமைத் தொழுகையிலை கலீபாவின்ரை பேரைச் சொன்னவங்களோ எண்டு. பொய் எழுதினா தண்டனை."

"உண்மை எழுதினா?"

குனிந்து மறுபடி வாசித்தாள். "அதைப் பற்றி ஒண்டும் போடேல்லை அண்ணை."

நான் எழுதவில்லை. வாயால் சொன்னேன். எண்பத்தொன்பதில் துவக்குத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் கேட்டது ஒன்றுதான், எந்த வீட்டுக்குக் கொழும்பிலிருந்து அடிக்கடி கடிதம் வருகிறது என்று. அப்படியான வீடு அரசாங்கத்துக்கு உளவு சொல்கிற வீடு என்று அவர்களுக்குச் சந்தேகம். காலையில் கடிதங்களைப் பிரிக்கும்போதே அப்படியான உறைகளின் மூலையில் பென்சிலால் அடையாளம் போட்டு எண்ணிக்கொள்வேன். வாத்தியார் வீட்டுக்கு மாதம் நாலு. நாலு என்றுதான் சொன்னேன், கூட்டிச் சொல்லவில்லை. அடுத்த கிழமை வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. அவருடைய மகள்தான் இவள். அப்போது நாலு வயது.

"அம்மாக்கு ராத்திரி போனிலை உங்களைப் பற்றிச் சொன்னனான்," என்றாள். "எங்கட போஸ்ற்மன் உயிரோடையோ எண்டு அழுதிட்டா. அப்பாக்கு வந்த கடிதமெல்லாம் இன்னும் வைச்சிருக்கிறா. கொழும்பிலை இருந்து மாமி எழுதினது, எல்லாம் கலியாணம் பேசின கதையள்." கொஞ்சம் நிறுத்தினாள். "உறை மூலையிலை பென்சில் கீறல் ஒண்டு கிடக்கு. சாய்ஞ்ச கோடு, அடியிலை தூண்டில் முள்ளு மாதிரி. அது என்னண்ணை, தபால் கந்தோர் வழக்கமோ?"

"ஓம். கந்தோர் வழக்கம்."

"நானும் அதைத்தான் சொல்லுறனான். அவ கேக்கமாட்டா."

பத்து மணிக்குத் திறந்துவிடுவார்கள். துணியைப் பிழிந்தேன். சாருலதா வாளியைத் தூக்கிக்கொண்டு கதவடிக்குப் போனாள்.

"முடிச்சிட்டம் எண்டு இந்தப் பேப்பரிலையோ போடுறது?"

கதவின் பின்பக்கம் துப்புரவு அட்டவணை ஒட்டியிருக்கும். மற்றவர்கள் கையெழுத்து வைப்பார்கள். நான் எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்கிறதில்லை. ஒரு அடையாளம் போதும் என்று முதல் வருசமே முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

"விடு பிள்ளை, நான் போடுறன்," என்றேன்.

அதற்குள் அவள் பேனை மூடியைக் கழற்றிவிட்டாள். திங்களிலிருந்து வியாழன் வரை நாலு தூண்டில் முள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. வெள்ளிக்கிழமைக் கட்டத்துக்கு முன்னால் அவளுடைய பேனை அப்படியே நின்றது, தாளில் படாமல்.