கை காயும் வரை

கண்ணையனுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார், கையை ஓங்க மாட்டார். சோறு போடுவார். புதுச்சேரி உப்பளம் பகுதியில் அவர் தெருவுக்கே தெரிந்த சங்கதி இது. பிடிக்காத பேச்சை எடுத்துக்கொண்டு எவன் வீட்டுக்கு வந்தாலும், "மொதல்ல குந்துங்க, சாப்பிடுங்க" என்று இலையைப் போட்டுவிடுவார். வந்தவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கரண்டி விழும். ஓட்டுக் கேட்டு வந்தவர்களும் சம்பந்தம் பேச வந்தவர்களும் வயிறு முட்டி, பேச வந்ததை மறந்து, ஏப்பத்தோடு திரும்பிப் போயிருக்கிறார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதரிடம்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஸ்பெயின்காரி பேச வந்தாள். பாவம், அவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

கண்ணையனுக்கு ஒரே மகள், செந்தமிழ்ச்செல்வி. பேர் அப்படி, படிப்பதோ ஸ்பானிஷ். தெரு சிரிக்காமல் இருக்குமா? "நம்மள ஆண்ட வெள்ளக்காரன் பாஷைய வுட்டுட்டு, ஆளாத வெள்ளக்காரன் பாஷைய எதுக்கும்மா படிக்கிற?" என்று பக்கத்து வீட்டு வடிவேல் கேட்டார். நியாயமான கேள்விதான். புதுச்சேரியில் பிரெஞ்சு படிக்கிற பிள்ளையை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. செல்வியும் அதற்குத்தான் போனாள். அங்கே இடம் நிரம்பிவிட்டது, ஸ்பானிஷில் பெஞ்சு காலியாக இருந்தது, உட்கார்ந்துவிட்டாள்.

முதல் வருஷம் அழுதாள். இரண்டாம் வருஷம் பண்பாட்டுப் பாடம் வந்தது. அந்த ஊர் திருவிழா, கல்யாணம், சாவு, சாப்பாடு என்று ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. சாப்பிட்டு முடித்த பிறகும் எழுந்திருக்காமல் மேசையைச் சுற்றி உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுகிற வழக்கம் அவர்களுக்கு உண்டு. 'சோப்ரமேசா' என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றி செல்வி எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு, "எங்கள் வீட்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்து எழுதினாயா?" என்று இனெஸ் மேடம் கேட்டாள். ஸ்பெயினிலிருந்து வந்து லாஸ்பேட்டையில் வீடு எடுத்துத் தங்கி, ஸ்கூட்டரில் கல்லூரிக்கு வந்து பாடம் எடுக்கிறவள் இனெஸ்.

கல்லூரியிலிருந்து வருஷத்துக்கு ஒரே ஒரு பிள்ளையை அரை வருஷம் ஸ்பெயினுக்கு அனுப்பிப் படிக்க வைப்பார்கள். இந்த வருஷம் செல்வி. திங்கட்கிழமைக்குள் சரி என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அந்த இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

கண்ணையன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "வேணாம்."

அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு குடோனில் காவல் வேலை பார்த்து மகளைப் படிக்க வைக்கிறவர்தான். ஆனால் அவருக்கு ஒரு காயம் உண்டு. அவருடைய அண்ணன் இராமதாஸ் ஒரு சொல்தா வீட்டில் பெண் கட்டி, பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு பாரிசுக்குப் போனவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த குடும்பத்தை இங்கே சொல்தா வீடு என்பார்கள். முதலில் வாரம் ஒரு போன் வந்தது, அப்புறம் பொங்கலுக்கு ஒன்று, அப்புறம் அதுவும் இல்லை. அப்பா செத்ததற்கும் வரவில்லை. கொள்ளி வைக்க வேண்டிய மூத்தவன் வராமல் இளையவரே வைத்தார். "கடலத் தாண்டிப் போனவன் திரும்பி வந்ததா இந்தத் தெருவுல சரித்திரம் இல்ல" என்பது அன்றிலிருந்து அவர் வேதம்.

யோசனை சொன்னது அம்மா ஜெயம். "அந்த டீச்சரம்மாவ ஞாயித்துக்கெழம சாப்பிடக் கூப்புடுடி. வூட்டுக்கு வந்தவங்க முகத்த முறிக்க மாட்டாரு ஒங்கப்பா. அவங்க எடுத்துச் சொல்லட்டும்."

முகத்தை முறிக்க மாட்டார்தான். சோறு போடுவாரே, அது எப்படி ஜெயத்துக்கு மறந்துபோனதோ.

ஒரு மணிக்கு இனெஸ் வந்தாள். கூடத்தில் பாய் விரித்து, தலைவாழை இலை போட்டு, அவளை மட்டும் உட்கார வைத்தார்கள். விருந்தாளி சாப்பிட்டு எழுந்த பிறகுதானே வீட்டுக்காரர்கள் சாப்பிடுவது? கறிக்குழம்பு, வஞ்சிரம் வறுவல், முட்டை, ரசம், மோர் எல்லாம் வரிசையாக இருந்தன. கண்ணையன் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரண்டியோடு நின்றார். ஜெயம் ஒரு பக்கம், செல்வி ஒரு பக்கம்.

இனெஸ் நன்றாகவே கையால் சாப்பிட்டாள். குழம்புச் சோற்றை முடித்துவிட்டுத் தலையைத் தூக்கினாள். "உங்கள் மகளைப் பற்றி…" என்று ஸ்பானிஷில் தொடங்கினாள்.

"இன்னா சொல்றாங்க?" என்றார் கண்ணையன்.

"என்னப் பத்தி ஏதோ—"

"இலை காலியா இருக்குது பாரு. ஜெயம், சோறு கொண்டா."

விழுந்தது சோறு. இனெஸ் பொறுமையாக அதையும் சாப்பிட்டாள். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தாலும் சமைத்தவரை அவமதிப்பது என்று வளர்ந்தவள் அவள். காலி இலையைப் பார்த்தால் இன்னும் பசி என்று நினைக்கிறவர்கள் இவர்கள். அவள் வழித்துச் சாப்பிடச் சாப்பிட இவர் போட்டுக்கொண்டே இருந்தார். இரண்டாம் தரம் "உங்கள் மகள்…" என்றபோது ரசம் வந்தது. மூன்றாம் தரம் வாயைத் திறந்ததற்கு இரண்டு துண்டு வஞ்சிரம். அவள் நெற்றியில் வியர்வை அரும்பிவிட்டது.

செல்விக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அந்த ஊர் மேசையில் கரண்டியை எந்தப் பக்கம் வைப்பார்கள் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும். போதும் என்றால் இலைக்கு மேலே கையைக் குறுக்கே காட்டவேண்டும், முடிந்தது என்றால் இலையை மடிக்கவேண்டும் என்று வருகிறவளுக்குச் சொல்லிக் கொடுக்கத் தோன்றவே இல்லை. நம் வீட்டுப் பழக்கமும் ஒரு பாடம் என்று யாருக்குத் தோன்றுகிறது?

"இலைய மடிச்சிடுங்க மேடம்" என்று ஸ்பானிஷில் கிசுகிசுத்தாள். உயிர் தப்பியது என்று இனெஸ் மடித்தாள்.

கண்ணையன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. இனிமேல் எழுவாள், கை கழுவுவாள், வெற்றிலைத் தட்டை நீட்டலாம், வாசல்வரை போய் வழியனுப்பலாம். கதை முடிந்தது.

ஆனால் இனெஸ் எழவில்லை. சம்மணத்தை மாற்றிப் போட்டு, சுவரில் சாய்ந்து, எல்லோரையும் பார்த்து அழகாகச் சிரித்தாள்.

ஐந்து நிமிஷம் போயிற்று. பத்து நிமிஷமும் போயிற்று. இவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள், அவள் உட்கார்ந்திருந்தாள்.

"கை காயுதேடி. சாப்ட்ட கை காயக்கூடாது, எழுந்து கழுவச் சொல்லு" என்றாள் ஜெயம், மகள் காதில். "ஒங்கப்பா சக்கர மாத்திரய அப்பவே போட்டுட்டாரு. இன்னும் ஒரு வாய் சோறு துன்னல. கை நடுங்குது பாரு."

செல்வி பார்த்தாள். கரண்டி பிடித்த கை லேசாக நடுங்கியது. இனெஸ் உட்கார்ந்திருப்பதன் காரணமும் அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இதுதானே அந்த சோப்ரமேசா? இவர்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்து பேசுவார்கள் என்று அவள் காத்திருக்கிறாள். அவள் எழுந்து போவாள் என்று இவர்கள் காத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் மரியாதைதான், நடுவில் ஒரு மனிதருக்கு மயக்கம் வரப்போகிறது.

எழுந்திருங்கள் மேடம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்பா சாப்பிட்டுவிடுவார். ஸ்பெயினும் அதோடு போய்விடும். செல்வி ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு சமையலறைக்குப் போய் மூன்று இலைகளை எடுத்து வந்து, இனெசின் எச்சில் இலைக்கு எதிரே வரிசையாகப் போட்டாள்.

"ப்பா, நீ குந்து. ம்மா, நீயும் குந்து."

"விருந்தாளி எழுந்திரிக்காம எப்படிம்மா?" கண்ணையன் பதறினார்.

"அவங்க ஊர்ல விருந்தாளிய ஒண்டியா சாப்புட வுட்டுட்டு நாம நின்னு வேடிக்க பாத்தா, அது அவங்கள அவமானப்படுத்துறதுப்பா."

அவமானம் என்ற சொல்லும் சர்க்கரை வியாதியும் சேர்ந்து அவரை உட்கார வைத்தன. உட்கார்ந்த உடனே, பந்தியில் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. இனெஸ் எழுந்து ஓடிப்போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து, சோற்றுக் குண்டானைத் தூக்கிக்கொண்டாள். கண்ணையன் இலையில் மலை மாதிரிச் சோற்றைப் போட்டு, அவர் "போதும், போதும்" என்று சொல்லச் சொல்லக் குழம்பையும் ஊற்றினாள். பக்கத்தில் உட்கார்ந்த ஜெயத்துக்கும் செல்விக்கும் போட்டாள். வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று சும்மாவா சொன்னார்கள்?

இலையில் கை வைத்துவிட்டால் பாதியில் எழக்கூடாது. சோற்றை அவமதிக்கிற வேலையைக் கண்ணையன் செத்தாலும் செய்யமாட்டார். மாட்டிக்கொண்டார் மனுஷன். எதிரே இனெஸ் வசதியாக உட்கார்ந்து பேச வாயைத் திறந்தாள்.

அந்த நேரம் பார்த்து இனெசின் போன் அடித்தது.

கெட்டது குடி என்று நினைத்தாள் செல்வி. இனெஸ் திரையைப் பார்த்துவிட்டு, "என் அப்பா. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவார்" என்றாள். கேட்காமல் கொள்ளாமல் தண்ணீர்ச் சொம்பின் மேல் போனைச் சாய்த்து நிறுத்தினாள். திரையில் ஒரு கிழவர் தெரிந்தார். எமிலியானோ என்று பேர், ஒரு மலைக்கிராமத்தில் ஆடு வளர்க்கிறவர். அங்கே இன்னும் மத்தியானம் ஆகவில்லை. முன்னால் காப்பியும் ரொட்டியும் இருந்தன.

அவர் முதலில் கேட்டது, "சாப்பிட்டாயா?"

செல்வி பழக்கத்தில் அதையும் தமிழில் சொன்னாள். கண்ணையன் வாயில் சோற்றோடு, "மூணு வாட்டி சாப்புட்டுச்சின்னு சொல்லு" என்றார். செல்வி சொன்னாள். கிழவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். யார் அந்த ஐயா என்று கேட்டார். பிறகு இரண்டு பேரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மழை உண்டா, ஆட்டுக்கு என்ன தீனி, அங்கே என்ன சாப்பாடு என்று போனது பேச்சு. கொண்டைக்கடலைக் குழம்பு என்று அவர் சொன்னதும், "நம்ம கொண்டக்கடலையா?" என்று கண்ணையன் அசந்துபோனார். இவர் கேட்டதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள் செல்வி. தண்ணீர் பட்ட பாடு என்பார்களே, அப்படி வந்தது அவளுக்கு. மகள் அந்தப் பாஷை பேசி ஜெயம் இதுவரை கேட்டதில்லை. சோற்றைப் பிசைவதை விட்டுவிட்டு மகள் வாயையே பார்த்தாள்.

கண்ணையன் திடீரென்று அடங்கினார். இலையைப் பார்த்தபடியே, "பொண்ண இவ்ளோ தூரம் எப்படி அனுப்புனாருன்னு கேளு" என்றார்.

செல்வி தயங்கித் தயங்கிக் கேட்டாள். கிழவர் காப்பிக் குவளையை ஒரு சுற்றுச் சுற்றினார். அவர் சொன்னதை அவள் துண்டு துண்டாகத் தமிழில் சொன்னாள்.

"அவரு அனுப்பலியாம்ப்பா. இவங்களாத்தான் கெளம்புனாங்களாம். கெளம்புற அன்னிக்கு அவரு கோவத்துல சாப்புட வரலியாம். அப்பா குந்தலன்னு இவங்களும் சாப்புடல. வெறும் வயித்தோட பஸ் ஏறிட்டாங்க." கிழவர் அடுத்துச் சொன்னதையும் கேட்டுக்கொண்டாள். "அப்புறம் எத்தினியோ வாட்டி வந்து, சாப்புட்டுட்டுப் போயிருக்காங்களாம். ஆனா அவருக்கு அந்த ஒரு நாள்தான் நெனப்புல நிக்குதாம். அதான் போன எடுத்ததும் மொதல்ல சாப்ட்டியான்னு கேக்குறாராம்."

இனெஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா வாயிலிருந்து இதை அவள் இதுவரை கேட்டதில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

கண்ணையன் அண்ணனை நினைத்தாரோ, அண்ணன் கிளம்பின அன்றைக்கு இந்த வீட்டில் என்ன நடந்தது என்று நினைத்தாரோ, அவருக்குத்தான் வெளிச்சம். தலையைத் தூக்கியவர் மகள் இலையைப் பார்த்தார். போட்ட சோறு போட்டபடி காய்ந்து கிடந்தது. இரண்டு அப்பன்மார்களுக்கு நடுவில் பேசிப் பேசி அவள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

"ஒண்ணு கேளு அவருகிட்ட" என்றார். "அந்த ஊர்ல ஒரு பொண்ணு வந்து தனியா படிக்குதுன்னா, ஞாயித்துக்கெழம அதுக்கு யாரு சோறு போடுவாங்கன்னு கேளு."

செல்வி கேட்டாள். இனெஸ் ஏதோ பதில் சொல்லப் போனாள். அதற்குள் கிழவர் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். தன் நெஞ்சில் விரலை வைத்து ஒரே ஒரு சொல் சொன்னார்.

செல்வியால் அதை மட்டும் தமிழில் சொல்ல முடியவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"புரியுது, புரியுது" என்றார் கண்ணையன். இடது கையால் வேட்டி முனையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஜெயம், புள்ள இலையில சோறு காஞ்சிப்போச்சி பாரு. அத எடுத்துட்டு சூடா போடு. நாளிக்குக் காலேஜிக்குப் போயி சரின்னு சொல்லணும், இல்ல?"

"ப்பா…"

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். அவரு எங்கயும் போயிட மாட்டாரு, நாங்க பேசினுருக்கோம். நீ மொதல்ல சாப்புடு."

ஜெயம் சோறு போட்டாள். இனெஸ் குழம்பு ஊற்றினாள். எல்லோருடைய கையும் காய்ந்துபோயிருந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. செல்வி குனிந்து சாப்பிட ஆரம்பித்தாள்.