சதுப்பு நிலத்தின் கூடுதல் பொறுப்பு

நகராட்சி மழைநீர்ப் பிரிவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த சதுப்பு நிலத்துக்கு ஆவணி மாதம் இடமாற்ற ஆணை வந்தது. அது இருந்த அறுபது ஏக்கரில் புதுப் பேருந்து நிலையம் வரவிருந்தது. ஆணையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கும் வேலை இளநிலைப் பொறியாளர் நவமணியின் தலையில் விழுந்தது.

சதுப்பு நிலம் ஆணையை இரண்டு முறை படித்தது.

"நான் போயிட்டா மழைத்தண்ணி எங்கம்மா போகும்?"

"குழாய் போடுறாங்க சார். அது பாத்துக்கும்."

சொல்லிக்கொண்டே நவமணி பேனாவை நீட்டினாள். அந்தக் குழாய்க்கு வரைபடம் போட்டவளே அவள்தான். நான்கடி அகலம் போதாது என்று கோப்பில் எழுதியவளும் அவள்தான். மேலே இருந்தவர்கள் சொன்னதும் அந்த வரியை அடித்தவளும் அவள்தான். சதுப்பு நிலம் கையெழுத்துப் போட்டது. கோரைப்புல்லையும் நாரைகளையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, மூன்று லாரிகளில் வட மாவட்டம் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தது. இங்கே மண்ணடித்து மேடாக்கினார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் வழக்கம்போல் மேற்கிலிருந்து வந்து சதுப்பு நிலத்தைத் தேடியது. காணோம். முடிந்த மட்டும் குழாயில் நுழைந்து பார்த்துவிட்டு, மீதி ஊருக்குள் விசாரிக்கப் போனது.

நவமணியின் வீட்டுக்கு இரண்டாம் நாள் காலையில் வந்தது. தரைத்தளத்து வீடு. எழுந்து நடக்க முடியாத அவளுடைய மாமனார் கூடத்தில் கட்டிலில் படுத்திருந்தார். தண்ணீர் அவருடைய பாயைத் தொடும் உயரத்தில் நின்று, சதுப்பு நிலத்தின் புது முகவரியைக் கேட்டது. கணவர் தாவீது அப்பாவைத் தோளில் போட்டு மாடிவீட்டில் விட்டுவிட்டு இறங்கி வந்து, தண்ணீரைக் காட்டினார்.

"இவங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

"கையெழுத்து வாங்கினது நான். நான்தான் சொல்லணும்," என்று நவமணி கிளம்பினாள்.

நகராட்சி ஆணையர் தண்ணீர் புகுந்த தன் அறையில் மேசைமேல் நின்று கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சதுப்பு நிலத்தைத் திரும்பக் கூப்பிடுங்க சார்."

"கேட்டாச்சும்மா. அந்த ஊர்க்காரங்க விடமாட்டேங்கிறாங்க. வருஷா வருஷம் முழுகுற ஊர், இந்த வருஷம் வாசல்கூட நனையலையாம்."



"அப்போ அந்தப் பொறுப்பை எனக்குக் கொடுங்க," என்றாள் நவமணி.

ஆணையர் அங்கேயே ஆணை எழுதினார். மறு உத்தரவு வரும்வரை, சதுப்பு நிலத்தின் பணிகளை இளநிலைப் பொறியாளர் கூடுதலாகக் கவனிப்பார்.

மதியம் அவள் மேட்டில் ஏறி நடந்தாள். நடக்க நடக்க மண் தாழ்ந்தது. நடுவில் நின்று, "வாங்க," என்றாள். தண்ணீர் ஒவ்வொரு தெருவாக விட்டுவிட்டு வந்தது. அவளுக்கு முதலில் குளிர்ந்தது. பிறகு உடம்பு கனத்தது. யார் வீட்டுத் தலையணை, எந்தப் பள்ளிக்கூடத்து நோட்டு, எந்தக் கடையின் அரிசி என்று தண்ணீர் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் கேட்டு உள்ளே வாங்கிக்கொண்டாள். அழுகை வந்தது. அதையும் வாங்கிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் மாமனார் தன் கட்டிலுக்குத் திரும்பினார். நவமணியின் விரலிடுக்கில் கோரை முளைத்திருந்தது. ஆணையர் வந்து கரையில் வெகுநேரம் நின்றார். பேருந்து நிலையத்தை வேறு இடத்துக்கு மாற்றியிருப்பதாகச் சொல்லிவிட்டு, அவளுடைய பணியை நிரந்தரமாக்கிய ஆணையை நீட்டினார். அவள் ஒரு முறைதான் படித்தாள்.

தாவீது தினமும் சாப்பாடு கொண்டு வந்தார். கார்த்திகையில் ஒரு நாள் அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கிழக்கேயிருந்து கடல் வந்தது. புயல் வரப்போகிறது, தன் கரையில் அலையைத் தாங்கி நிற்க ஒருவரும் இல்லை, யாரையாவது அனுப்ப வேண்டும் என்று மனு எழுதிக் கொண்டுவந்திருந்தது.

தாவீது கை கழுவிவிட்டு மனுவைப் படித்தார்.

"எனக்கு உப்புத்தண்ணி ஒத்துக்கும். அப்பாவை அக்கா பாத்துக்குவா," என்றார்.

"குடையை எடுத்துட்டுப் போங்க," என்றாள் நவமணி.

அவர் கடலோடு பேசிக்கொண்டே கிழக்கே நடந்து போனார்.