ஈரச்சாக்கு

எழுபத்து நாலாம் வருஷம் இலங்கையில் அரசாங்கக் கூப்பன் அரிசி குறைந்து, கோதுமை மாவும் கிடைக்காமல் போனபோது, பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் லயத்து வரிசை வீட்டு ஆட்கள் தங்கள் ஒற்றை அறைக் காம்பிராவின் பின்னாலிருந்த துண்டு நிலத்தைத்தான் நம்பினார்கள். இராக்கம்மாவும் அப்படித்தான். புருஷன் வீரய்யா மரம் அறுக்கும் வேலைக்குக் கொஸ்லந்தைப் பக்கம் போயிருந்தான். வீட்டில் இரண்டு பிள்ளைகள், அரை வயிறும் கால் வயிறுமாக.

டவுனில் கடை வைத்திருந்த இத்ரூஸ் நானா, அவளுக்கும் அடுத்த காம்பிரா பெரியாயிக்கும் ஆளுக்கொரு சிறு சாக்கு விதை உருளைக்கிழங்கு கொடுத்தார். "வெளஞ்சா எனக்கும் ரெண்டு கொண்டு வாங்க. வெளயாட்டி ஒங்கட சாமிக்கிட்ட எனக்கும் சேத்துக் கேளுங்க" என்று சிரித்தார்.

பெரியாயி தேயிலை நாற்றுமேடையில் வேலை செய்பவள். அங்கே இளங்கொப்பை இலையோடு துண்டுகளாக வெட்டினால் உடனே நட்டுவிட வேண்டும். முடியாவிட்டால் ஈரச்சாக்கால் மூட வேண்டும். துண்டு வாடினால் கங்காணியின் வாய் சும்மா இருக்காது. அந்தச் சட்டத்தையே அவள் கிழங்குக்கும் வைத்தாள்.

"இந்தா புள்ள, வெட்டுன கையோட நட்டுப்புடணும். காஞ்சா செத்துச்சு" என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை தன் பங்கை வெட்டி, சாறு வடிய வடிய நட்டுவிட்டுக் கையைக் கழுவினாள்.

இராக்கம்மா விறகு பொறுக்கி, துணி துவைத்து, பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சிவிட்டு, பொழுது சாயத்தான் கத்தியை எடுத்தாள். துண்டுக்கு ஒரு முளைக்கண் இருக்கும்படி எல்லாவற்றையும் வெட்டி முடித்தாள். மண்வெட்டியை எடுக்க எழுந்தவளுக்கு முதுகு ஒத்துழைக்கவில்லை. சுவரில் சாய்ந்தது மட்டும் ஞாபகம்.

விடியுமுன் பெரட்டுக்கு ஆள் கூப்பிடத் தப்பு அடித்தபோதுதான் கண் திறந்தாள். வெட்டிய கிழங்கின்மேல் நனைந்த சாக்கு ஒன்று கிடந்தது.

"என்னை எழுப்பியிருக்கக் கூடாதாக்கா?" என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினாள்.

"எழுப்ப வந்தேன்டி. வாயப் பொளந்துக்கிட்டுக் கெடந்த. மனசு வரல. சாக்கப் போட்டுட்டு வந்தேன்."

அந்த வாரம் முழுக்க மழை. இருட்டோடு கொழுந்து பறிக்க மலைக்குப் போய், இருட்டோடு திரும்பினாள். சாக்கைத் தூக்கிப் பார்க்கவே பயம். தூங்கித் தூங்கியே பிள்ளைகளின் சோற்றைக் கெடுத்துவிட்டேனே என்று மாரியம்மன் படத்துக்கு முன்னால் நின்றாள். வேண்டுதல் சொல்லக்கூட அலுப்பாக இருந்தது. நின்றதையே சாமி கேட்டுக்கொள்ளட்டும் என்று படுத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு, நல்லதைப் பொறுக்கி அவித்தாவது கொடுப்போம் என்று சாக்கை விலக்கினாள். கிழங்கு அழுகவில்லை. வெட்டுப்பட்ட பக்கமெல்லாம் மெல்லிய பழுப்புத் தோல் படிந்திருந்தது, பிள்ளைகள் விழுந்து சிராய்த்த முழங்கால் ஆறினாற்போல. நகத்தால் சுரண்டினாள். தோல் விடவில்லை.

அப்போதுதான் வெளியே பெரியாயியின் குரல் கேட்டது. முளை வந்ததா என்று பார்க்கப் பொறுக்காமல் பாத்தியைக் கிளறியிருக்கிறாள். கையில் கொழகொழவென்று நாறும் கிழங்கு. அதன்மேல் பஞ்சு போல வெள்ளைப் பூசணம். தோண்டத் தோண்ட எல்லாம் அப்படியே.

இராக்கம்மா தன் துண்டொன்றை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "அக்கா, ஒன்னோடதுக்குத் தோல் இல்ல. பச்சைப் புண்ணோட மண்ணுக்குள்ள போனதும் பூசணம் பிடிச்சிருச்சு. இது சாக்குக்கடியில படுத்துக் கெடந்து, தானே மூடிக்கிருச்சு."

"நாத்துமேடைப் புத்திய இங்க காட்டிப்புட்டேன்" என்ற பெரியாயி, வெறும் பாத்தியைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

இராக்கம்மாவின் நிலம் அத்தனை துண்டுகளையும் தாங்கும். அத்தனையும் விளைந்தால்கூடப் பிள்ளைகளுக்குப் போதாது. துண்டுகளைக் கூடையில் அள்ளி, சாக்கை மேலே போட்டு, தூக்கிக்கொண்டு தன் பாத்திப் பக்கம் இரண்டெட்டு வைத்தாள். கூடையின் மேல் கிடந்த ஈரச்சாக்கு அவள் கையில் பட்டது. திரும்பி வந்து, பாதியைப் பெரியாயியின் மடியில் கொட்டினாள்.

"ஏ புள்ள, பைத்தியமா? ஒன் புள்ளைங்க?"

"நீ எழுப்பியிருந்தா ரெண்டு பேருதும்தான் அழுகியிருக்கும். பிடி அக்கா."

பெரியாயி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மண்வெட்டியை எடுத்தாள். "ரெண்டு பாத்தியிலயும் நான் நடுறேன். நீ போய்ப் படு. ஒன் தூக்கந்தான் நம்ம லயத்துக்குச் சோறு போடுது."

மழை விட்ட ஒரு சாயங்காலம், நெற்றியில் கூடைக் கயிறு அழுத்திய தழும்பைத் தடவிக்கொண்டு இராக்கம்மா மலையிலிருந்து இறங்கினாள். பெரியாயியின் பாத்தியில் மண்ணைத் தூக்கிக்கொண்டு இரண்டு மூன்று பச்சை முளைகள் நின்றன. தன் பாத்தியில் இன்னும் ஒன்றுமில்லை.

"பார்த்தியா, என்னுதுதான் மொதல்ல!" என்று பெரியாயி கையைத் தட்டினாள்.

இராக்கம்மா குனிந்து தன் பாத்தியை விரலால் தடவினாள். ஓரிடத்தில் மண் லேசாக வெடித்திருந்தது. அதுவே போதும் என்று நிமிர்ந்து, சிரிக்கக்கூடத் தெம்பில்லாமல் சிரித்தாள்.