ஸ்பொஞ்சில் விழுந்த மடிப்பு

என் புருஷன் அபுல் ஹஸன் என் வீட்டில், என் கட்டிலில் மௌத்தானார். இத்தா என்று அறைக்குள் ஒதுங்கியிருந்த நான்கு மாதமும் பத்து நாளும் எனக்கு ஆறுதலாக இருந்தது அது ஒன்றுதான். ஜனாஸாவை என் வாசலிலிருந்துதான் தூக்கினார்கள். அவருடைய இரண்டாவது மனைவி ஸுஹைறா சம்மாந்துறையிலிருந்து ஓட்டோவில் வந்து, பெண்களோடு பெண்ணாக நின்று முகம் பார்த்துவிட்டுப் போனாள். பன்னிரண்டு வருஷம் பங்கு போட்ட மனிதர் கடைசியில் என்னிடம்தான் முடிந்தார் என்று வெள்ளைத் துணியோடு அறைக்குள் இருந்து நினைத்துக்கொள்வேன். அப்படி நினைப்பது பாவம் என்று தெரியும். தெரிந்துதான் நினைத்தேன்.

அவர் நிந்தவூரில் பிரதான வீதியோடு குஷன் கடை வைத்திருந்தார். சோபா, ஓட்டோ சீட், மெத்தை எல்லாம் செய்வோம். ஸ்பொஞ்ச் வெட்டுவது அவர், உறை தைப்பது நான். கலியாணமான புதிதில் ஒரு நாள் ஸ்பொஞ்ச் துண்டொன்றை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக வளைத்துக் காட்டினார்.

"பாரு, இன்னும் ஒண்டுமில்ல, வழுவழுண்டு இரிக்கி. இன்னும் கொஞ்சம் அமத்துறன். இந்தா!"

சட்டென்று ஒரு கோடு உள்ளே விழுந்தது. கையைத் தளர்த்தினார். கோடு இருந்த தடமே இல்லை.

"போயிட்டே" என்றேன்.

"எங்க போற? இப்ப நீ அமத்து."

அமத்தினேன். அதே இடத்தில் விழுந்தது.

"மொதல் தரம் எங்க விழும் எண்டு ஆருக்கும் சொல்லேலா. விழுந்தாப் பொறகு அந்த எடத்த விட்டுப் போகாது. அதான் நான் பழைய ஸ்பொஞ்ச் வாங்கிறல்ல. வேற ஆள்ற பழக்கம் அதுல இரிக்கும்."

"நீங்க என்னத்தப் பழகியிரிக்கீங்க?"

"ஒன்ட ஏச்ச."

ஏச்சு பிறகு கூடியது. இரண்டு நாள் இங்கே, இரண்டு நாள் அங்கே என்று அவர் போய்வரத் தொடங்கியதும் வாயை அடக்க எனக்கு முடியவில்லை. கடைசி வருஷத்தில் ஒரு நாள், "அங்க நான் கட்டில்ல படுக்கிறல்ல புள்ள, கதிரைலதான்" என்றார்.

"ஓம், கதிரைல இரிந்து தஸ்பீஹ் ஓதுறீங்க."

சிரித்தார். என் பக்கத்தில் படுத்திருக்கும்போது சில வேளை எழும்பிச் சுவரில் சாய்ந்து இருப்பார். "ஆர நெனச்சிட்டு இரிக்கீங்க? அங்கத்தப் பழக்கமா?" என்று கேட்பேன். கேட்டவுடன் சரிந்து படுத்துவிடுவார்.

இத்தா முடிந்த கிழமையே சம்மாந்துறைக்குப் போனேன். அவருடைய மூக்குக்கண்ணாடியையும் இரண்டு சாரன்களையும் கொடுக்கப் போவதாகப் பிள்ளைகளிடம் சொன்னேன். உண்மையில் போனது அவளுடைய மெத்தையைப் பார்க்க. அவர் அங்கே எங்கே, எப்படிப் படுத்தார் என்று மனிதர் பொய் சொல்லலாம். ஸ்பொஞ்ச் பொய் சொல்லாது.

"மெலிஞ்சிட்டீங்க ராத்தா" என்றாள் ஸுஹைறா.

"நீ மெலியல்ல" என்றேன்.

அவள் தேத்தண்ணி ஊற்றப் போன நேரம் அறைக்குள் போய் விரிப்பைத் தூக்கி மெத்தையை அமத்தினேன். போன வருஷம் அவர் அவளுக்குச் செய்து கொடுத்த மெத்தை. சுவர்ப்பக்கம் ஒரு மெல்லிய உடம்பின் மடிப்பு. மற்றப் பாதி கடையிலிருந்து நேற்று வந்தது போல விறைத்து நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவர் சொன்னது உண்மை. அவளோடு படுக்கவில்லை.

ஹோலுக்கு வந்தபோதுதான் சாய்மனைக் கதிரையைக் கண்டேன். பச்சை உறை போட்ட தடித்த ஸ்பொஞ்ச். விளிம்பில் இரட்டைத் தையல். என் தையல். "சம்மாந்துறையில ஒரு ஆளுக்கு. பொழுதெல்லாம் அதுலயே இரிக்கிற மனிசன், கிழியப்படாது" என்று சொல்லி போன வருஷம் அவர் என்னிடம் தைக்கத் தந்தது. அந்த ஆள் யாரென்று நான் கேட்கவில்லை.

கையை வைத்து அமத்தினேன். நடுமுதுகு படுகிற இடத்தில் ஆழமாக ஒரு கோடு விழுந்தது, வலப்பக்கம் சரிந்து. வலப்பக்கம் சரிவதுதான் அவருடைய வழக்கம்.

தேத்தண்ணியோடு வந்த ஸுஹைறா நான் கை வைத்திருந்த இடத்தைப் பார்த்தாள்.

"படுத்தா மூச்சு முட்டுது எண்டு ஒரு வருஷமா இதுலதான் ராத்தா நித்திர. நெஞ்சில தண்ணி, நேராப் படுக்கவே படாது எண்டு டொக்டர் சொன்னாரே. நான் முதுகத் தடவிட்டுப் பக்கத்துல இரிப்பன். ஒங்கட வீட்டுலயும் கதிரைலதானே படுத்தார்?"

நான் தேத்தண்ணியைக் கையில் வாங்கினேன்.

"ஒங்களுக்குச் சொல்லல்லையா?"

"சொன்னார், சொன்னார்" என்றேன்.

என்னிடம் சொல்லவில்லை. என் வாய்க்குப் பயந்து என் கட்டிலில் மூச்சு முட்ட முட்டக் கிடந்திருக்கிறார். கிடந்தே மௌத்தானார். அவள் கட்டிலில் அவர் படுக்கவில்லை என்று ஒரு நிமிஷத்துக்கு முன்தான் நான் சந்தோஷப்பட்டிருந்தேன். அவளுக்கு அவர் கொடுத்தது அதைவிடப் பெரியது. மூச்சு முட்டுகிறது என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். அழுகை வரவில்லை. எரிந்தது.

"இந்த ஸ்பொஞ்ச் அமுங்கிப் போச்சி. நான் புதுசு போட்டுத் தாறன்" என்றேன்.

"ஒங்களுக்கு என்னத்துக்குக் கரச்சல் ராத்தா?" என்றவளுக்குக் கண் கலங்கியது. நல்ல மனதோடு சொல்கிறேன் என்று நம்பிவிட்டாள்.

அடுத்த கிழமை அதே அளவில் புது ஸ்பொஞ்ச் வெட்டிக்கொண்டு போனேன். உறையைக் கழற்றி அதை மாட்டினேன். பழையதைச் சுருட்டிக் கயிறு கட்டி ஓட்டோவில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

பத்து நாளில் அவள் ஃபோன் எடுத்தாள்.

"ராத்தா, அந்தப் பழைய ஸ்பொஞ்ச எறிஞ்சிட்டீங்களா?"

"ஏன்?"

"புதுசுல நித்திர வருதில்ல. அவர் மௌத்தானதுல இரிந்து நான் கதிரைலதான் படுக்கிற. பழசுல சரிஞ்சா, அவர்ட மடிப்பு அதுவா வந்து புடிச்சிக்கும்."

அப்போது அது என் கட்டிலில், அவர் படுத்த பக்கம் கிடந்தது. என் கையும் அதன் மேல்தான் இருந்தது.

"எறிஞ்சிட்டன்" என்றேன். "புதுசு பழகிரும்."

"ஓம் ராத்தா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்தாள்.

இப்போதும் அது அங்கேதான் கிடக்கிறது. அமத்தினால் கோடு விழுகிறது, வலப்பக்கம் சரிந்து. அவர் விழுத்திய கோடுதான். ஆனால் அதற்குள் அவள் நான்கு மாதம் படுத்திருக்கிறாள். நான் இன்னும் படுத்துப் பார்க்கவில்லை.