சக்கரம் வைத்த வீட்டுக்கு விற்ற பிள்ளை

எனக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதாகப் பிறந்தவனுக்கு நான்கு மாதம் ஆனபோது, இவனையாவது தவிட்டுக்கு விற்றே ஆகவேண்டும் என்று பக்கத்து வீட்டு மாயக்காள் மதினி ஒற்றைக்காலில் நின்றாள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. பிள்ளையைத் தானியம் புடைக்கிற சுளகில் போட்டு இன்னொருத்திக்கு ஒரு படி தவிட்டுக்கு விற்பார்கள். அவள் தன் வீட்டுக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். பெற்றவர்கள் திரும்பிப் பார்க்காமல் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "ஒம்பிள்ளைய வளக்கக் குடு" என்று கேட்டு வாங்க வேண்டும். அதற்குப் பிறகு 'என் பிள்ளை' என்று வாய் தவறியும் சொல்லக் கூடாது. சொன்னால் எமன் காதில் விழுந்துவிடும்.

அறுபத்தொன்பதாம் வருஷம் தை மாதம், எங்கள் ஊர் திருச்சுழித் தேரடியில் ஒரு வேன் வந்து நின்றது. செக்கோஸ்லோவாகியாவிலிருந்து தரைவழியாகவே வந்த வெள்ளைக்காரப் புருஷன் பெண்டாட்டி. வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, பூப்போட்ட திரை. என் வீட்டுக்காரர் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவராயிற்றே, சும்மா இருப்பாரா? கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஊர் சுற்றிக் காட்டக் கிளம்பிவிட்டார். என்னையும் வரச் சொன்னார். கோயில் கல்வெட்டுகளை, என்னவோ தாமே வெட்டியது மாதிரி விளக்கினார். ரமணர் பிறந்த வீட்டைக் காட்டினார். தெப்பக்குளப் படியில் அந்த வெள்ளைக்கார அம்மா என் பிள்ளையை வாங்கி மடியில் வைத்தவள் நெடுநேரம் திருப்பித் தரவில்லை. தனக்குப் பிள்ளை இல்லை என்று கையை விரித்துக் காட்டினாள்.

கூட வந்திருந்த மதினி என் காதில் சொன்னாள். "ஏ சுந்தராம்பா, இவுகட்டயே வித்துருவோம். வெலாசம் இல்லாத வீடு. எமன் எந்தத் தெருவுல போயித் தேடுவான்?"

எனக்கும் அது சரி என்றே பட்டது. புத்தி புல் மேயப் போயிருந்தது. என் வீட்டுக்காரர் இங்கிலீஷில் விவரம் சொன்னார். ஒரு சடங்கு, கொஞ்ச நேரம் உள்ளே வைத்திருந்தால் போதும் என்றார். அந்த அம்மா தலையாட்டினாள். தேரடிக்குத் திரும்பியதும், மதினி கொண்டுவந்த தவிட்டை அந்த அம்மா என் முந்தானையில் கொட்டிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேனுக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

நாங்கள் கோயிலைச் சுற்றி வடக்கு வீதி திரும்பும்போது பின்னால் பஸ் ஹாரன் விடாமல் அடித்தது. நான் கழுத்தைத் திருப்பப் போனேன்.

"திரும்பிராத," என்றார் என் வீட்டுக்காரர்.

திரும்பாமலே நடந்தேன். சுற்றி முடித்துத் தேரடிக்கு வந்தால் அங்கே வேன் இல்லை. சக்கரத் தடம் மட்டும் கிடந்தது. வீடு எங்கேயும் போகாது என்றுதானே பிள்ளையை வீட்டில் விடுகிறார்கள்? நாங்கள் பார்த்துப் பார்த்து, ஓடுகிற வீட்டில் விட்டிருக்கிறோம்.

"தங்கசாமியண்ணே, பஸ்ஸுக்கு ஒதுங்க வழியில்ல, அதான் வேன எடுத்தாக," என்றார் டீக்கடைக்காரர் என் வீட்டுக்காரரிடம். "ஆத்துப் பக்கம் போன மாதிரி இருந்துச்சு."

போன மாதிரி! நான் ஓடினேன். ஆற்றுப் பக்கம் போகாமல் அருப்புக்கோட்டை ரோட்டில் போயிருந்தால்? அங்கிருந்து மதுரை. மதுரைக்கு அப்புறம் நான் எந்த ஊரைக் கண்டேன்? வேன் நம்பர் தெரியாது. அவள் பெயர் தெரியாது. தேசத்தின் பெயரோ என் நாக்கில் நிற்காது. பிள்ளை இல்லாதவள் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு முதுகைக் காட்டி நடந்தவளை என்னவென்று சொல்வது? செருப்பு எங்கே கழன்றது என்றுகூடத் தெரியவில்லை.

ஆற்றங்கரைப் புளியமரத்தடியில் வேன் நின்றது. வேன் படியில் அந்த அம்மா உட்கார்ந்து அவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"எம்பிள்ளையக் குடு," என்று பிடுங்கினேன். "எம்பிள்ளை, எம்பிள்ளை."

பின்னாலேயே ஓடிவந்த மதினி தன் வாயில் அறைந்துகொண்டாள். "அடி பாவி, என்ன வார்த்த சொல்லிட்ட."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூடவே வந்த என் வீட்டுக்காரர் முகம் வெளிறிவிட்டது. மதினிதான் முதலில் சுதாரித்தாள். "ஒண்ணும் கெட்டுப்போகல. இப்பவே திரும்ப வித்துருவோம். கதவச் சாத்தட்டும், நாம இன்னொரு சுத்துச் சுத்திட்டு வந்துருவோம்."

"குடு சுந்தராம்பா," என்று என் வீட்டுக்காரரும் கை நீட்டினார். "ஒரு சுத்துத்தான்."

ஒன்றும் புரியாமல் அந்த அம்மாவும் கை நீட்டினாள். முதல் இரண்டையும் புதைத்த கரிசல்மண் என் கண்ணுக்குள் வந்து நின்றது. கொடுக்கத்தான் நினைத்தேன். கை பிரியவில்லை.

"எம்பிள்ளதான்," என்றேன், ஆற்றுக்கு அக்கரை வரை கேட்கிற மாதிரி. "எமனுக்குக் கேட்டாக் கேக்கட்டும். வந்தா எங்கிட்ட வரட்டும்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தேன். சொன்னேனே ஒழிய, வீடு போய்ச் சேரும் வரை பத்தடிக்கு ஒரு தரம் நின்று, அவன் மூக்கடியில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டேதான் போனேன்.